பத்து மணி இன்டர்வியூ: வாசகர் கேள்விகளும் பதில்களும்

இன்டர்வியூ நாளின் காலை நேரத்தைப் பற்றிய சந்தேகங்களை எழுதி அனுப்பச் சொல்லியிருந்தோம். தாளவாடி முதல் தாராபுரம் வரை பல ஊர்களிலிருந்து கடிதங்கள் வந்திருக்கின்றன. உள்ளே என்ன கேட்பார்கள் என்பதைவிட, உரிய நேரத்தில் அங்கே போய் நிற்பது எப்படி என்ற கவலைதான் பெரும்பாலான கடிதங்களில் தெரிகிறது. அது நியாயமான கவலை. படித்த படிப்பும் தெரிந்த வேலையும் அந்த ஒரு காலை நேரத்துக் குளறுபடியில் வீணாகிவிடக் கூடாது.

கோவை டைடல் பார்க்குல காலைல பத்து மணிக்கு வரச் சொல்லிருக்காங்க. எங்கூர்ல இருந்து பஸ்ஸுல ரெண்டேகால் மணி நேரம்ங்கறாங்க. ஏழு மணி பஸ்ஸப் புடிச்சாப் போதுமுங்களா? காந்திபுரம் போயி அங்கிருந்து எப்படிப் போறதுங்க?
– பி.எஸ்சி. முடித்த வாசகர், தாராபுரம்

போதாதுங்க. பத்து மணி என்பது நீங்கள் நாற்காலியில் உட்கார வேண்டிய நேரம். அதற்கு முன்னால் கேட் ஒன்று இருக்கிறது. ஐ.டி. வளாகங்களில் பார்வையாளர் வாசலில் பெயர் எழுதி, அடையாள அட்டை காட்டி, லேப்டாப் இருந்தால் அதன் சீரியல் நம்பரையும் பதிய வேண்டும். செக்யூரிட்டி உள்ளே போன் போட்டு, எச்.ஆர். 'அனுப்புங்க' என்று சொன்ன பிறகுதான் பாஸ் கையில் வரும். ஒரே நாளில் நிறையப் பேரை அழைத்திருந்தால் அத்தனை பேரும் அந்த ஒரே மேசைக்கு முன்னால்தான் நிற்பார்கள். எச்.ஆர். தன் இருக்கையில் இல்லாவிட்டால் காத்திருப்பு இன்னும் நீளும். இதற்கென்று அரை மணி நேரம் ஒதுக்குங்கள்.

ஆகவே கணக்கை வீட்டு வாசலில் தொடங்காமல், அந்த கேட்டில் தொடங்கிப் பின்னோக்கிப் போடுங்கள். கேட்டில் 9.25. டைடல் பார்க்குக்குத் திரும்பும் ஹோப்ஸ் சிக்னலில் 9.05. நீங்கள் பஸ்ஸை விட்டு இறங்கும் சிங்காநல்லூரில் 8.35. தாராபுரத்திலிருந்து ஏறக்குறைய 80 கிலோமீட்டர். ரெண்டேகால் மணி என்றால் 6.20. அந்த பஸ் வராமல் போகலாம், பல்லடத்தில் நெரிசல் இருக்கலாம். ஆகவே 5.45-க்கு மேல் கிளம்பும் எந்த பஸ்ஸையும் நம்ப வேண்டாம். ஒரு மணி நேரம் முன்னாலேயே போய்விட்டால் பேக்கரியில் ஒரு டீ குடித்துக்கொண்டு உட்காரலாம்; பத்து நிமிடம் தாமதமானால் அதற்கு மருந்தே கிடையாது.

அடுத்தது, காந்திபுரம் போகவே வேண்டாம். வெளியூர்க்காரர்கள் பலர் இதில்தான் முக்கால் மணி நேரத்தைத் தொலைக்கிறார்கள். கோவையில் எந்தத் திசையிலிருந்து வருகிறோமோ அதற்குத் தக்கபடி பஸ் ஸ்டாண்டு மாறும். பொள்ளாச்சி, பழனி பக்கம் என்றால் உக்கடம். மேட்டுப்பாளையம், ஊட்டி என்றால் மேட்டுப்பாளையம் ரோட்டுப் புது பஸ் ஸ்டாண்டு. ஈரோடு, சேலம், திருப்பூர், சத்தி (சத்தியமங்கலம்) என்றால் காந்திபுரம். கரூர், திருச்சி, மதுரை, உங்கள் தாராபுரம் எல்லாம் திருச்சி ரோடு வழியாக சிங்காநல்லூர். அங்கே இறங்கி, காமராஜர் ரோட்டில் இ.எஸ்.ஐ. ஆஸ்பத்திரியைத் தாண்டி நேராகப் போனால் ஹோப்ஸ். டவுன் பஸ்ஸும் ஆட்டோவும் கிடைக்கும். ஹோப்ஸில் இறங்கியதும் டைடல் பார்க் வந்துவிடாது. அங்கிருந்து விளாங்குறிச்சி ரோட்டில் இன்னும் உள்ளே போக வேண்டும். ஷூ போட்டுக்கொண்டு வெயிலில் நடந்தால் சட்டை முதுகோடு ஒட்டிக்கொள்ளும், ஆட்டோவே எடுத்துக்கொள்ளுங்கள்.

அவினாசி ரோட்டில் காரிலோ கால் டாக்சியிலோ வருபவர்களுக்கு ஒரு எச்சரிக்கை. உப்பிலிபாளையத்துக்கும் கோல்டுவின்ஸுக்கும் இடையில் 10.1 கிலோமீட்டர் நீள மேம்பாலம் 2025 அக்டோபரில் திறக்கப்பட்டது. மேலே ஏறிவிட்டால் நினைத்த இடத்தில் இறங்க முடியாது, இறங்குதளம் உள்ள இடத்தில்தான் இறங்கலாம். டிரைவரிடம் ஏறும் முன்பே இடத்தைச் சொல்லிவிடுங்கள். பஸ்ஸாக இருந்தால், மேலே போகுமா, கீழே போகுமா என்று கண்டக்டரிடம் கேட்டுவிட்டு ஏறுங்கள்.

ஒத்திகை பார்க்க நினைத்தால் ஞாயிற்றுக்கிழமை போகாதீர்கள். ஞாயிறு காலை ரோடு வேறு, திங்கள் காலை ரோடு வேறு.

சரவணம்பட்டி ஐ.டி. கம்பெனிக்குப் போகோணும். சத்தி பஸ்ஸுல ஏறி எங்க எறங்கறதுங்க? டவுன் பஸ்ஸுல பொம்பளைங்களுக்கு டிக்கெட் இல்லைங்கறாங்களே, இதுக்கும் அப்படித்தானுங்களா?
– வாசகி, புளியம்பட்டி

சத்தி ரோட்டில் அன்னூர், கோவில்பாளையம் தாண்டி வரும்போது சரவணம்பட்டிதான் முதலில் வரும். அங்கேயே இறங்கிவிடுங்கள் அம்மணி. காந்திபுரம் போய்த் திரும்பி வந்தால், கணபதி நெரிசலில் இரண்டு முறை மாட்ட வேண்டியிருக்கும். கம்பெனி கீரணத்தம் வளாகத்தில் இருந்தால் சரவணம்பட்டியிலிருந்து கிளைச்சாலையில் உள்ளே போக வேண்டும். அழைப்புக் கடிதத்தில் எந்த வளாகம் என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

கட்டணமில்லாப் பயணம் அரசின் சாதாரண டவுன் பஸ்ஸில் மட்டும்தான், 2021 மே மாதத்திலிருந்து. புளியம்பட்டியிலிருந்து வரும் வெளியூர் பஸ்ஸுக்கு டிக்கெட் எடுக்க வேண்டும். டவுன் பஸ்ஸிலும் கட்டணமில்லா டிக்கெட்டைக் கேட்டு வாங்கிக் கையில் வைத்துக்கொள்ளுங்கள்; செக்கிங் வந்தால் காட்ட வேண்டியிருக்கும்.

ஈரோட்டு வாசகர் ஒருவர் ரயிலில் வரலாமா என்று கேட்டிருக்கிறார். தாராளமாக. ஆனால் சில ரயில்கள் இருகூரிலிருந்து போத்தனூர் வழியாகவே கேரளம் போய்விடும், கோவை ஜங்ஷன் வராது. டிக்கெட் எடுக்கும்போதே ஜங்ஷனா, போத்தனூரா என்று பார்த்துவிடுங்கள். ஈரோட்டுக்குள்ளேயே இன்டர்வியூ, அதுவும் செவ்வாய்க்கிழமை காலை என்றால், பன்னீர்செல்வம் பார்க் பக்கம் ஜவுளிச் சந்தைக் கூட்டம் இருக்கும். அந்த வழியைத் தவிருங்கள்.

திங்கக்கிழமை பத்து மணிக்குத் திருப்பூர்ல இன்டர்வியூ. ராகு காலத்துல வாசப்படி தாண்டக் கூடாதுன்னு எங்க அமுச்சி ஒத்தக் கால்ல நிக்கறாங்க. ஒம்பது மணிக்குக் கெளம்பினா எப்படிங்க போய்ச் சேரறது?
– வாசகர், காங்கயம்

திங்கட்கிழமை ராகு காலம் 7.30 முதல் 9 வரை. ஒன்பது மணிக்கு மேல் காங்கயத்தில் பஸ் ஏறிப் பத்து மணிக்குத் திருப்பூர்க் கம்பெனி கேட்டில் நிற்பது நடக்காத காரியம். 7.15-க்கே வீட்டை விட்டுக் கிளம்பிவிடுங்கள். அமுச்சி சொல்லும் நேரத்துக்கும் அது பொருந்தும், உங்கள் பஸ் கணக்குக்கும் பொருந்தும். எமகண்டமும் பார்ப்பார்கள் என்றால், அது செவ்வாய் 9 முதல் 10.30, புதன் 7.30 முதல் 9, வியாழன் 6 முதல் 7.30. சனிக்கிழமை 9 முதல் 10.30 ராகு காலம். வீட்டில் பார்ப்பார்கள் என்றால் அழைப்பு வந்த அன்றே நாட்காட்டியைப் பார்த்துக் கிளம்பும் நேரத்தைப் பேசி முடிவு செய்துவிடுங்கள். நேரம் எப்படியும் ஒத்துவரவில்லை என்றால், பரஸ்தானம் வைக்கும் பழக்கம் பெரியவர்களுக்குத் தெரியும். நல்ல நேரத்தில் உங்கள் பையைப் பக்கத்து வீட்டில் கொண்டுபோய் வைத்துவிட்டால் அப்போதே கிளம்பியதாகக் கணக்கு. காலையில் பெரியவர்களோடு வாக்குவாதம் மட்டும் வேண்டாம். அந்தப் படபடப்பு இன்டர்வியூ அறை வரை கூடவே வரும்.

துடியலூர்ல இருந்து குறிச்சி சிட்கோவுக்கு பைக்குல போகோணும். ஐப்பசி மழை புடிச்சா என்ன பண்றதுங்க? பஞ்சர் ஆனா?
– டிப்ளமோ முடித்த வாசகர்

கோவையில் நல்ல மழை பெய்தால் முதலில் நிரம்புவது ரயில்வே பாலங்களின் அடியில் உள்ள ரோடுகள்தான். லங்கா கார்னர், கிக்கானி பள்ளிப் பக்கத்துச் சுரங்கப்பாதை, அவினாசி ரோடு பழைய மேம்பாலத்தின் அடி, சிவானந்தா காலனிப் பாலத்தின் அடி. இரவில் மழை பெய்திருந்தால் காலையிலும் தண்ணீர் நிற்கும். ரயில் பாதைக்கு மேலே ஏறிப் போகும் பாலங்கள் வழியாக ஒரு வழியை முன்னாலேயே யோசித்து வையுங்கள். சுற்றுதான், ஆனாலும் போய்ச் சேர்ந்துவிடலாம்.

முன்னால் போகும் வண்டியின் சைலன்சர் மூழ்குகிறது என்றால் நீங்கள் இறங்காதீர்கள். தண்ணீருக்குள் வண்டி நின்றுவிட்டால் செல்ஃப் பட்டனை அமுக்கவே கூடாது. ஏர் ஃபில்டர் வழியாக சிலிண்டருக்குள் தண்ணீர் போயிருந்தால், காற்றைப் போல அது அமுங்காது. பிஸ்டன் மேலே வரும் வேகத்தில் கனெக்டிங் ராடு வளைந்துவிடும். நூறு ரூபாயில் முடியும் வேலை இன்ஜின் பிரிக்கும் வேலையாகிவிடும். தள்ளிக்கொண்டு மேட்டுக்கு வந்து, வண்டியை ஓரமாக நிறுத்திப் பூட்டிவிட்டு ஆட்டோ பிடியுங்கள். வண்டியைச் சாயங்காலம் பார்த்துக்கொள்ளலாம்.

பஞ்சர் விஷயத்தில் டியூப்லெஸ் டயருக்கும் டியூப் டயருக்கும் வித்தியாசம் உண்டு. டியூப்லெஸ்ஸில் ஆணி குத்தியிருப்பது தெரிந்தால் அதைப் பிடுங்காதீர்கள். பிடுங்கினால் ஒரே நிமிடத்தில் காற்று போய்விடும். அப்படியே விட்டால் மெல்லத்தான் இறங்கும். அடுத்த பெட்ரோல் பங்க்கில் காற்று நிரப்பிக்கொண்டு வேகமில்லாமல் ஓட்டிப் போய்விடலாம். டியூப் டயரில் காற்று இறங்கிய பிறகு ஓட்டினால் டயர் ரிம்மில் வழுக்கி, மவுத் வால்வு அடியோடு அறுந்துவிடும். அப்புறம் ஒட்டுப் போட முடியாது, டியூபே மாற்ற வேண்டும். முதல் நாள் சாயங்காலம் காற்றைப் பாருங்கள், பெட்ரோலைப் போட்டுவிடுங்கள். பி.எஸ். 6 என்ற புதிய புகை விதிப்படி வந்த வண்டிகள் பெரும்பாலானவற்றில் பெட்ரோலை இன்ஜினுக்குத் தள்ளும் பம்ப்பே பேட்டரியில்தான் ஓடுகிறது. பேட்டரி அடியோடு இறங்கிப்போனால் கிக்கர் இருந்தும் பயனில்லாமல் போகலாம். ஹாரன் சத்தம் மங்கலாக இருந்தால் அதுவே முன்னறிவிப்பு.

ஓட்டும்போது செருப்பு. ஷூ, சாக்ஸ் இரண்டும் பையில். சர்ட்டிபிகேட் ஃபைலை ஒரு பாலிதீன் கவரில் போட்டு, வாய்ப்பக்கம் கீழே இருக்கும்படி இன்னொரு கவருக்குள் செருகுங்கள்.

காலைல எந்திரிச்சு அயர்ன் பண்ணலாம்னு இருந்தா கரண்டு போயிருதுங்க. காட்டன் சேலை, கசங்குனாப்ல எப்படிக் கட்டிட்டுப் போறது?
– வாசகி, அந்தியூர்

முதல் நாள் இரவே தேய்த்துத் தொங்கவிடுவதுதான் சரி. மாதாந்திரப் பராமரிப்பு மின்தடையை முன்கூட்டியே அறிவித்துவிடுகிறார்கள், நாளிதழில் ஊர்ப் பெயரோடு வரும். முடியாமல் போனால் அடி தட்டையான எவர்சில்வர் போசி ஒன்றை எடுத்து, அடியில் கரி இல்லாமல் துடைத்து, முக்கால் அளவு கொதிக்கும் தண்ணீர் ஊற்றிக்கொள்ளுங்கள். சேலையில் லேசாகத் தண்ணீர் தெளித்து, மேலே மெல்லிய வெள்ளைத் துணி விரித்து, துணியால் பிடித்து அழுத்தித் தேயுங்கள். பத்து நிமிடத்துக்கு ஒருமுறை தண்ணீரை மாற்றுங்கள். முந்தானை, தோள்பட்டை மடிப்பு, முன் கொசுவம் மூன்றும் சரியாக இருந்தால் போதும், உள்ளே சுற்றுவது கண்ணுக்குத் தெரியாது.

கறை பற்றியும் சிலர் கேட்டிருக்கிறீர்கள். செயின் ஆயில் பட்டால் தண்ணீர் விடாமல் முகப்பவுடரை அப்பி, பத்து நிமிடம் கழித்துத் தட்டிவிட்டு, பாத்திரம் கழுவும் திரவம் ஒரு சொட்டு வைத்து ஒற்றி எடுங்கள். எண்ணெய்க் கறையின் மேல் அயர்ன் பாக்ஸை வைத்தால் கறை நிலைத்துவிடும். டீ, காபிக்குப் பச்சைத் தண்ணீர், துணியின் பின்பக்கத்திலிருந்து. குழம்பு சிந்தினால் சோப்புப் போடவே கூடாது. மஞ்சள் சோப்பின் காரத்தில் சிவப்பாகிவிடும். எலுமிச்சைச் சாறு தடவுங்கள், செவ்வடு வராது.

ஸ்பின்னிங் மில்லுல வேலை பாக்கறனுங்க. முழு நைட் ஷிப்ட் முடிச்சு எட்டு மணிக்கு வெளிய வந்து, பதினோரு மணிக்கு வேற கம்பெனி இன்டர்வியூ. சமாளிக்க முடியுமுங்களா?
– பெயர் வேண்டாம், பல்லடம்

முடிந்தால் அந்த ஒரு நாளுக்கு அரை நைட்டாக மாற்றிக்கொள்ளுங்கள், பன்னிரண்டு மணிக்காவது படுக்கலாம். வார ஓய்வை மாற்றிக்கொண்டால் இன்னும் நல்லது. வேறு வழியே இல்லை என்றால், பைக்கை மில்லிலேயே விட்டுவிட்டு பஸ்ஸில் போங்கள். இரவு முழுக்க விழித்தவருக்குக் காலை வெயிலில் கண்ணைத் திறந்தபடியே தூக்கம் வரும், அது உயிருக்கு ஆபத்து. குளித்துவிட்டு இருபது நிமிடம் மட்டும் கண் அசருங்கள். அலாரம் வைத்து, ஒருவரிடம் எழுப்பவும் சொல்லிவையுங்கள். ஒரு மணி நேரம் போல ஆழ்ந்து தூங்கிப் பாதியில் எழுந்தால் மண்டை கனத்து வார்த்தை குழறும்.

இன்னொன்று. ரிங் ஃபிரேம் என்ற நூற்பு இயந்திரத்தின் இரைச்சலில் எட்டு மணி நேரம் நின்றுவிட்டு வந்தால் சில மணி நேரத்துக்குக் காது மந்தமாக இருக்கும். உங்களை அறியாமல் உரக்கப் பேசுவீர்கள். எதிரில் இருப்பவர் அதைத் திமிர் என்று நினைத்துவிடலாம். அன்றைக்கு ராத்திரி காதில் இயர் பிளக்கைக் கட்டாயம் போட்டுக்கொள்ளுங்கள். தலைமுடியில், புருவத்தில் ஒட்டிய பஞ்சைக் கண்ணாடி பார்த்து எடுங்கள்.

திருப்பூர்ல கம்பெனி அட்ரஸ் மேப்ல ஒண்ணு காட்டுது, லெட்டர்ல ஒண்ணு இருக்குது. எதை நம்பறது? லேட் ஆயிட்டா போன் பண்ணலாமுங்களா, இல்ல நேராப் போயி நிக்கறதா?
– வாசகர், பெருந்துறை

பனியன் கம்பெனிகளில் ஆபீஸ் ஓரிடம், கட்டிங் ஓரிடம், தையல் யூனிட் இன்னோரிடம் என்று இருப்பது சகஜம். மேப் பெரும்பாலும் பதிவு அலுவலகத்தைக் காட்டும், இன்டர்வியூ யூனிட்டில் நடக்கும். முதல் நாளே போன் செய்து மூன்று விஷயங்களைக் கேளுங்கள். எந்த யூனிட்? எந்த ரோட்டில், எந்தப் பிரிவில் இறங்க வேண்டும்? பக்கத்தில் என்ன அடையாளம்? 'பாளையம்' என்று முடியும் ஊர்ப் பெயரை மட்டும் வைத்துக் கிளம்பாதீர்கள். கணபதிபாளையம் பல்லடம் பக்கமும் உண்டு, ஈரோட்டுப் பக்கமும் உண்டு. ஆட்டோக்காரரிடம் பிரிவு பெயரோ நால்ரோடு பெயரோ சொன்னால்தான் தெரியும். பழைய பஸ் ஸ்டாண்டா, பி.என். ரோட்டுப் புது பஸ் ஸ்டாண்டா என்பதையும் கேட்டுக்கொள்ளுங்கள், உங்கள் பக்கத்திலிருந்து வரும் எல்லா பஸ்ஸும் இரண்டுக்கும் போகாது.

தாமதமாகும் என்று தெரிந்த நிமிடமே போன் செய்யுங்கள். குறித்த நேரத்துக்கு முன்னால் வரும் போன் தகவல். பின்னால் வரும் போன் சாக்கு. பேச்சு சுருக்கமாக இருக்கட்டும்: "வணக்கம் சார், பத்து மணி இன்டர்வியூவுக்கு வர வேண்டியவன், மெர்ச்சண்டைசர் வேலைக்கு. பஸ் பழுதாகிப் பெருமாநல்லூரில் நிற்கிறது. 10.30-க்கு கேட்டில் இருப்பேன். அப்போது வரலாமா, மதியம் வரட்டுமா?" பெயர், வேலை, காரணம் ஒரே வரி, வரும் நேரம், அவர்கள் தேர்ந்தெடுக்க ஒரு வழி. வரும் நேரத்தைச் சொல்லும்போது பத்து நிமிடம் கூட்டியே சொல்லுங்கள். இரண்டாம் முறையும் தவறினால் யாரும் நம்ப மாட்டார்கள். எடுக்கவில்லை என்றால் இதையே வாட்ஸ்அப்பில் எழுத்தாக அனுப்புங்கள், குரல் செய்தி வேண்டாம். உள்ளே போன பிறகு ஒருமுறை மன்னிப்புக் கேட்டால் போதும். பஸ் கதையை மறுபடி நீட்டாதீர்கள்.

ஒரிஜினல் சர்ட்டிபிகேட் ஃபைலை பஸ்ஸுலயே வெச்சுட்டு எறங்கிட்டா என்னங்க பண்றது? எங்க அண்ணனுக்கு அப்படி ஆச்சு, அந்த வெசனத்துல இன்டர்வியூவுக்கே போகாம வந்துட்டான்.
– வாசகி, கோபி

போகாமல் வந்ததுதான் பெரிய இழப்பு. இன்டர்வியூவை விட்டுவிடவே கூடாது. ஃபைலைத் தேடும் வேலையை வீட்டில் ஒருவரிடம் ஒப்படைத்துவிட்டு நேராகக் கம்பெனிக்குப் போக வேண்டும்.

டிக்கெட்டைத் தூக்கி எறியாதீர்கள். அரசு பஸ் டிக்கெட்டில் பஸ்ஸைக் கண்டுபிடிக்க வேண்டிய விவரம் இருக்கும். அதை போட்டோ எடுத்து வீட்டுக்கு அனுப்பிவிட்டு, அந்த பஸ் கடைசியாகப் போய் நிற்கும் பஸ் ஸ்டாண்டில் டைம் கீப்பர் அறைக்கு ஆள் போகட்டும். டிக்கெட் இல்லை என்றால் ஏறிய இடம், நேரம், போகும் ஊர் மூன்றையும் சொன்னால் டைம் கீப்பர் எந்த பஸ் என்று கண்டுபிடித்துவிடுவார். அதே பஸ் திரும்பும் டிரிப்பில் எப்போது வரும் என்பதும் அவருக்குத் தெரியும். தனியார் பஸ் என்றால் பஸ்ஸின் பெயரே அடையாளம். நம் பக்கத்தில் பஸ் ஸ்டாண்டில் எந்தக் கண்டக்டரிடம் கேட்டாலும் உரிமையாளர் போன் நம்பர் கிடைத்துவிடும்.

கம்பெனியில், கேட்பதற்கு முன்பே நிலைமையைச் சொல்லிவிட்டு, மத்திய அரசின் மின்னணு ஆவணப் பெட்டகமான டிஜிலாக்கரை போனில் திறந்து காட்டுங்கள். ஆதார், பான், ஓட்டுநர் உரிமம், பத்தாம் வகுப்பு, பன்னிரண்டாம் வகுப்பு மதிப்பெண் பட்டியல்கள் அதில் எடுக்கலாம். உரிய துறை நேரடியாக வழங்கி டிஜிலாக்கரில் வரும் ஆவணம் அசலுக்கு நிகரானது என்று 2017-இல் மத்திய அரசின் விதியிலேயே சேர்க்கப்பட்டுவிட்டது. நீங்களாக ஸ்கேன் செய்து ஏற்றியதற்கு அந்த மதிப்பு கிடையாது, இந்த வித்தியாசத்தை நினைவில் வையுங்கள். முதல் நாளே உள்ளே நுழைந்து பார்த்துவிடுங்கள். கேட்டில் நின்றுகொண்டு பாஸ்வேர்டு மறந்தால் ஓ.டி.பி. வரும் நம்பர் அப்பாவின் போனில் இருக்கும்.

ஃபைல் கிடைக்கவே இல்லை என்றால் தமிழ்நாடு காவல்துறை இணையதளத்தில் தொலைந்த ஆவணத்துக்கான அறிக்கை பெறலாம். அதை வைத்து, பள்ளிச் சான்றுக்கு அரசுத் தேர்வுகள் இயக்ககத்துக்கும், பட்டச் சான்றுக்குப் பல்கலைக்கழகத் தேர்வுப் பிரிவுக்கும் விண்ணப்பிக்க வேண்டும்.

ஃபைலை மேலே கம்பித் தட்டில் வைக்காமல் மடியில் வைத்துக்கொள்ளுங்கள். அசல் ஒரு ஃபைல், நகல் இரண்டு செட் வேறு ஃபைல். இரண்டின் உள் அட்டையிலும் வீட்டில் உள்ள ஒருவரின் போன் நம்பரை எழுதி ஒட்டுங்கள். கம்பெனியில் அசலைச் சரிபார்க்கக் காட்டலாம், விட்டுவிட்டு வரக் கூடாது.

பஸ்ஸுல போற ஒரு மணி நேரத்துல எதைப் பாத்துட்டுப் போறதுங்க? மெர்ச்சண்டைசர் வேலைக்குப் போறேன்.
– ஃபேஷன் டிசைனிங் முடித்த வாசகி, அவினாசி

மெர்ச்சண்டைசர் என்றால் ஒரு ஆர்டரை முழுதும் கவனிப்பவர். ஆகவே மற்றதை மூடி வைத்துவிட்டுத் துணிக் கணக்கு ஒன்றைத் தாளில் போட்டுப் பாருங்கள். திருப்பூரில் புதியவர்களைப் பெரும்பாலும் இதில்தான் சோதிப்பார்கள். ஒரு டி-ஷர்ட்டுக்கு பாடி நீளம் 70 சென்டிமீட்டர், கை நீளம் 20, மடிப்புக்கும் தையலுக்கும் 10, மொத்தம் 100. அரை மார்பளவு 52, அலவன்ஸ் 4, மொத்தம் 56. நூறை 56-ஆல் பெருக்கி, முன்பக்கமும் பின்பக்கமும் இருப்பதால் இரண்டால் பெருக்கினால் 11,200 சதுர சென்டிமீட்டர். அதை 180 ஜி.எஸ்.எம்.மால் (ஒரு சதுர மீட்டர் துணியின் எடை, கிராமில்) பெருக்கிப் பத்தாயிரத்தால் வகுத்தால் 201.6 கிராம். கட்டிங் வேஸ்ட் பத்து சதவீதம் சேர்த்தால் ஏறக்குறைய 222 கிராம். ஐயாயிரம் பீஸ் ஆர்டருக்கு 1,110 கிலோ துணி. கழுத்து ரிப்புக்குத் தனிக் கணக்கு.

தவறு நேர்வது இரண்டு இடத்தில். முழு மார்பளவை எடுத்துக்கொண்டு மறுபடியும் இரண்டால் பெருக்குவார்கள், விடை இரட்டிப்பாகிவிடும். அல்லது வேஸ்ட்டை மறந்துவிடுவார்கள். பெரியவர்களுக்கான சாதாரண டி-ஷர்ட் 150 கிராமுக்குக் குறைந்தோ 300 கிராமுக்கு மேலோ வந்தால் கணக்கை மறுபடி பாருங்கள். விடையைவிட, போட்ட வழியை வாய்விட்டுச் சொல்வதைத்தான் மேனேஜர் கவனிப்பார்.

கோவை மோட்டார், பம்ப் கம்பெனிகளுக்கு ஃபிட்டர், டர்னர் வேலைக்குப் போகும் ஐ.டி.ஐ. தம்பிகளுக்கும் ஒன்று. மேசையில் வெர்னியர் என்ற அளவுக் கருவியை நீட்டுவார்கள். வாங்கியதும் அளக்கப் போகாமல், தாடைகளை மூடி, சுழிப்பிழை (மூடிய நிலையிலும் அளவு சுழியில் நிற்காத பிழை) இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். 49 மில்லிமீட்டரை 50 பிரிவாகப் பிரித்த வெர்னியருக்கு மீச்சிற்றளவு, அதாவது அளக்க முடிந்த மிகச் சிறிய அளவு, 0.02 மில்லிமீட்டர், சாதாரண மைக்ரோமீட்டருக்கு 0.01.

எங்களுக்கு மலைப்பாதைல எறங்கி வரோணும். பஸ்ஸுல வந்தாலே வாந்தி. மாத்திரை போட்டுக்கலாமா, காலைல என்ன சாப்பிடறது?
– வாசகர், தாளவாடி

நீங்கள் இறங்கி வரும் திம்பம் மலைப்பாதையில் 27 கொண்டை ஊசி வளைவுகள். இரவில் போக்குவரத்துக் கட்டுப்பாடு உள்ள பாதை, யானை நின்றாலும் லாரி கவிழ்ந்தாலும் மணிக்கணக்கில் அடைத்துக்கொள்ளும். அந்தப் பாதையை நம்பிக் காலை இன்டர்வியூ வைத்துக்கொள்ளாதீர்கள். முதல் நாளே சத்தியிலோ கோவையிலோ ஒரம்பரை வீட்டில் வந்து தங்கிவிடுங்கள். பஸ் வாந்திக்குக் கடையில் கொடுக்கும் மாத்திரைகள் பெரும்பாலும் தூக்கத்தை வரவழைக்கும், முதல் நாள் இறங்கும்போது போட்டுக்கொள்ளலாம், இன்டர்வியூ அன்று காலையில் வேண்டாம். பஸ்ஸில் முன்பக்கம் உட்கார்ந்து, தூரத்து ரோட்டையே பாருங்கள், போனைப் பார்க்காதீர்கள். காலையில் இட்லி மூன்று, சட்னி குறைவாக. பூரி, பொங்கல், வெறும் வயிற்றில் காபி மூன்றும் அன்றைக்கு ஆகாது.

காலைல எட்டு மணிக்கு போன் பண்ணி, ரிஜிஸ்ட்ரேசனுக்கு ரெண்டாயிரம் ஜிபே பண்ணினாத்தான் இன்டர்வியூவுல பேர் இருக்கும்கறாங்க. அவசரத்துல அனுப்பிரலாமா?
– வாசகர், நாமக்கல்

அனுப்ப வேண்டாம். கிளம்பும் அவசரத்தில் இருக்கும் ஆளிடம் யோசிக்க நேரம் கொடுக்காமல் கேட்பதுதான் இந்த மோசடியின் முறை. வேலை கொடுக்கும் கம்பெனி இன்டர்வியூவுக்குப் பணம் வாங்காது. வந்த நம்பருக்குத் திருப்பிப் பேசாமல், கம்பெனியின் சொந்த இணையதளத்தில் உள்ள நம்பருக்கு அழைத்து உங்கள் பெயர் இருக்கிறதா என்று கேளுங்கள். ஏற்கனவே அனுப்பிவிட்டவர்கள் உடனே 1930 என்ற சைபர் குற்ற உதவி எண்ணுக்கு அழைத்து, பணம் போன நேரம், தொகை, பரிவர்த்தனை எண் மூன்றையும் சொல்ல வேண்டும். எவ்வளவு சீக்கிரம் சொல்கிறீர்களோ, அந்தப் பணம் வேறு கணக்குக்கு மாறும் முன்பு முடக்கி வைக்க அவ்வளவு வாய்ப்பு.